மலை வீட்டில் டிவி தெரிய: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பதினெட்டு வருஷமாக டிஷ் மாட்டும் வேலை செய்கிறேன். அக்காவைக் கொடைக்கானலில் கட்டிக்கொடுத்திருப்பதால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது அங்கே போவேன். போனால் அக்கம்பக்கத்து வீட்டுக் கூரை இரண்டு மூன்றில் ஏறி இறங்காமல் திரும்பியதில்லை. இரண்டு மலையிலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். போனில் ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

எந்தக் கம்பெனி டிஷ் வாங்கலாம்?

இதற்கு நான் பதில் சொல்வதில்லை, இன்னொரு கேள்விதான் கேட்பேன்: உங்கள் வீட்டு வாசலில் நின்றால் தென்கிழக்கில் வானம் தெரிகிறதா? சமவெளியில் விலையைப் பார்த்துக் கம்பெனியை முடிவு செய்யலாம். மலையில் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் விலை.

காரணம் எளிது. டிவி அனுப்பும் செயற்கைக்கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறோம். நம் ஊரில் ஓடும் டி.டி.எச். (டிஷ் வழியாக நேராக வீட்டுக்கு வரும் டிவி) சேவைகளின் செயற்கைக்கோள்கள் நமக்குக் கிழக்கே இருக்கின்றன. ஆகவே எல்லா டிஷ்ஷும் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் எங்கேயோதான் பார்க்கும்.

ஊட்டியை வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வரும். தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. அதற்குத் திசைகாட்டியில் 123 டிகிரி பக்கம் திரும்பி, தரையிலிருந்து 66 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். சன் டைரக்டும் ஏறக்குறைய அதே பக்கம்தான். டிஷ் டிவி 95 டிகிரி, அதுவும் பக்கத்து வீடு மாதிரி. டாடா ப்ளே 83 டிகிரியில் இருப்பதால் இன்னும் தெற்கே தள்ளி, 151 டிகிரியில், கிட்டத்தட்ட 75 டிகிரி உயரத்தில். ஏர்டெல் 108.2 டிகிரி. அது கிழக்கே நன்றாகத் தள்ளி, 108 டிகிரித் திசையில், 51 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கொடைக்கானலுக்கு இதில் ஓரிரு டிகிரிதான் மாறும்.

போனில் திசைகாட்டி இருக்கிறது. உயரத்தைப் பார்க்க கையே போதும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக ஆறரை வைத்தால் ஃப்ரீ டிஷ் இருக்கும் இடம் வந்துவிடும். அந்த இடத்தில் இலையோ கிளையோ இல்லாமல் வானம் தெரிந்தால் உங்களுக்குக் கவலை இல்லை.

எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) பள்ளத்தில் இருக்கிறது. எதிர்மலை மறைக்காதா?

பெரும்பாலும் மறைக்காது. 51 டிகிரி உயரத்தை மறைக்க வேண்டுமென்றால் வீட்டை ஒட்டியே செங்குத்தான பாறை நிற்க வேண்டும். பள்ளத்து வீடுகளில் டிவி தெரியாமல் போனது ஆண்டெனா காலத்தில். அப்போது சிக்னல் பக்கவாட்டில் வந்தது, மலை அதை மறித்தது. டிஷ்ஷுக்கு அது தலைக்கு மேலிருந்து வருகிறது. மலையை விட மரம்தான் இங்கே பிரச்சினை.

எந்த மரம், எவ்வளவு தூரத்தில் இருந்தால் மறைக்கும்?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்டால் நன்றாக இருக்கும். டிஷ்ஷிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நிற்கிறது என்று வையுங்கள். அது சிக்னல் வரும் திசையிலேயே நின்றாலும், ஃப்ரீ டிஷ்ஷை மறைக்க டிஷ் மட்டத்துக்கு மேல் 22 மீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். டாடா ப்ளேயை மறைக்க 36 மீட்டர் வேண்டும். ஏர்டெல்லை மறைக்க 12 மீட்டரே போதும். அதே மரம், அதே கூரை. ஒரு கம்பெனி ஓடாது, இன்னொன்று ஓடும். பக்கத்து வீட்டில் ஒன்று அருமையாகத் தெரிகிறதே என்று அதையே வாங்கி, தெரியவில்லை என்று நொந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனி மேல் தப்பில்லை, மரத்தின் மேலும் தப்பில்லை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மலையில் கற்பூர மரம் 40 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். சில்வர் ஓக் தேயிலைக்கு நடுவே வரிசையாக நிற்பதால் ஒன்று தப்பினால் இன்னொன்று மறைக்கும். சீகை மரம் (வாட்டில்) அவ்வளவு உயரம் போகாது, ஆனால் வீட்டை ஒட்டியே புதராக வந்துவிடும். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாட்டும்போது நன்றாக இருந்து மூன்று வருஷம் கழித்து மழைக்காலத்தில் மட்டும் சிக்னல் போகிறது என்றால், முன்னால் இருக்கும் கிளைகள் இலை விட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஈர இலை காய்ந்த இலையை விட மோசமாக மறைக்கும்.

இன்னொரு விஷயம். கூரையில் மாட்டும் சின்ன டிஷ்ஷின் முகம் எதிர்ச்சரிவைப் பார்ப்பது போலத் தெரியும். உண்மையில் அது பார்ப்பது அதை விட 20 டிகிரிக்கு மேல் உயரத்தில் இருக்கும் வானத்தை. கிண்ணத்தின் வடிவம் அப்படி, கம்பி முனையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கீழே தள்ளி இருப்பதும் அதனால்தான். முகத்துக்கு நேராக ஒரு மரம் தெரிகிறதே என்று பயந்து நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள்.

மரத்தை வெட்டிவிடலாமா?

வேண்டாம். உங்கள் சொந்த நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும் 1955-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மலைப் பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு, அனுமதி வாங்கித்தான் வெட்ட முடியும். அதைவிட, டிஷ் வீட்டுக் கூரையில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தோட்டத்தில் வானம் தெரியும் மூலையில் ஒரு இரும்புக் குழாயை சிமென்ட் போட்டு நட்டு அங்கே மாட்டி, ஒயரை இழுத்துக்கொள்ளலாம். நல்ல ஆர்.ஜி.6 ஒயர் என்றால் 30, 40 மீட்டர் வரை தைரியமாக இழுக்கலாம். ஒரே துண்டாக இழுங்கள். நடுவில் ஜாயின்ட் போட்டால் முதல் மழையிலேயே அது வம்பு செய்யும்.

மழை வந்தால் படம் போய்விடுகிறது. டிஷ் சரியில்லையா?

டிஷ் சரியாக இருந்தாலும் கனமழையில் போகும். டி.டி.எச். வருவது கு-பேண்ட் என்ற அலைவரிசையில். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் விடும். கேபிள்காரர்கள் வைத்திருக்கும் பெரிய கிண்ணம் சி-பேண்ட். அதன் அலைநீளம் ஏழெட்டு சென்டிமீட்டர் என்பதால் மழைக்கு அவ்வளவு பயப்படாது. டி.டி.எச். போன பிறகும் கேபிளில் படம் ஓடுவது இதனால்தான்.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. நம் பக்கம் மழை நீராக இருக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5 கி.மீ. வரை. ஊட்டி ஏற்கெனவே 2,240 மீட்டரில் இருக்கிறது. ஆக, மேட்டுப்பாளையத்தில் ஐந்து கி.மீ.க்கு மேல் மழைக்குள் வர வேண்டிய சிக்னல், ஊட்டியில் மூன்று கி.மீ. வந்தால் போதும். கூடலூர், பந்தலூர் அப்படியில்லை. உயரம் குறைவு, தென்மேற்குப் பருவமழையோ ஜூனிலிருந்து கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையில் எந்த டிஷ்ஷும் நிற்காது, அதற்காக யாரையும் திட்டவும் வேண்டாம்.

சாதாரண மழைக்கே படம் போனால்தான் யோசிக்க வேண்டும். டிஷ் துல்லியமாகத் திருப்பப்படவில்லை என்று அர்த்தம். வெயில் நாளில் அரை டிகிரி தவறி இருந்தாலும் படம் நன்றாகத்தான் ஓடும். கைவசம் இருக்கும் உபரி சிக்னல்தான் மழை நாளில் காப்பாற்றும், தவறாகத் திருப்பிய டிஷ்ஷில் அந்த உபரி இருக்காது. ஆகவே டிஷ் மாட்டுகிறவர் படம் வந்ததும் இறங்கிவிடாமல், மீட்டரில் இன்னும் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். கூடலூர்ப் பக்கம் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் மாட்டினால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகும். கூடுதல் செலவு ஒரு தடவைதான்.

மூடுபனியில் சிக்னல் போகுமா?

பனிமூட்டத்தால் போகாது. அதிலுள்ள நீர்த்துளிகள் மிகச் சின்னவை. ஆனால் நாள் கணக்காக மூட்டம் நிற்கும்போது எல்.என்.பி. முகத்திலும் கிண்ணத்திலும் ஈரம் படியும், கனெக்டருக்குள் நீர் இறங்கும். அதைத்தான் மக்கள் பனியால் போச்சு என்கிறார்கள். ஒயர் எல்.என்.பி.யில் சேரும் இடத்தில் ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றி, ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டு மாட்டினால் நீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. உறைபனி காலத்தில் காலையில் கிண்ணத்தில் வெள்ளையாகப் படிவது வெயில் வந்ததும் போய்விடும். அதைச் சுரண்ட வேண்டாம்.

சில சேனல்கள் மட்டும் வரவில்லை. ரீசார்ஜ் பண்ணியிருக்கிறேனே?

பாதிச் சேனல் வந்து பாதி வரவில்லை என்றால் பெரும்பாலும் ஒயர்தான் காரணம். செட்டாப் பாக்ஸ் அதே ஒயர் வழியாக எல்.என்.பி.க்கு மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் ஒரு பகுதிச் சேனல்கள், 18 வோல்ட் போனால் மறு பகுதி. கனெக்டரில் பச்சை பூத்து, போகிற வழியில் வோல்ட் குறைந்தால் 18 கேட்கும் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். புது எல்.என்.பி., புது பாக்ஸ் என்று செலவு செய்யும் முன் இரண்டு முனையிலும் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரியவரிடம் முன்பு வந்த ஆள் பாக்ஸையே மாற்றிக் காசு வாங்கிப் போயிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது கெட்டிருந்தது பத்து ரூபாய் கனெக்டர். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

கொடைக்கானலில் தூர்தர்ஷன் டவர் இருக்கிறது. ஆண்டெனா வைத்தால் இலவசமாக வராதா?

வராது. ஆண்டெனா வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். பழைய அனலாக் ஒளிபரப்பை ஏறக்குறைய 50 முக்கிய இடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் 2022 மார்ச் 31-க்குள் நிறுத்துவதாக, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. ஆண்டெனாவில் வரும் புது டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னை மாதிரிப் பெருநகரங்களுக்குத்தான் வந்தது.

அந்த நாளை நினைத்துக் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டில் மூங்கிலில் ஆண்டெனா கட்டி, அப்பா வெளியே நின்று திருப்ப, அம்மா உள்ளிருந்து "இப்ப வருது, இப்ப போச்சு" என்று சொல்லச் சொல்ல வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்த்திருக்கிறோம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. நம் மலைக்கு அது வந்துசேர இன்னும் பல வருஷம் ஆனது. பின்னாளில் பொதிகை ஆனது, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ். இன்றைக்கு நெட் இல்லாமல் அதே சேனலை இலவசமாகப் பார்க்க வழி ஃப்ரீ டிஷ்தான்.

கொடைக்கானல் உயரத்தின் பயன் இன்றும் ரேடியோவில் இருக்கிறது. கோடைப் பண்பலை 100.5-ஐ மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சிப் பக்கமெல்லாம் கேட்கிறார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலிருந்து பார்த்தால் தொடுவானமே 160 கி.மீ.க்கு அப்பால்தானே.

ஃப்ரீ டிஷ் உண்மையிலேயே இலவசமா?

மாதச் சந்தா கிடையாது. டிஷ், பாக்ஸ், ஒயர், மாட்டுகூலி ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனலோடு ஆரம்பித்த சேவை இது. பாக்ஸ் வாங்கும்போது எம்.பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்.பெக்-2 பெட்டியில் எல்லாச் சேனலும் வராது.

ஆனால் இதைச் சொல்லாமல் விற்பது நியாயமில்லை: இதில் இந்திச் சேனல்கள்தான் அதிகம். டிடி தமிழ் வரும், பிள்ளைகளுக்கான பாடச் சேனல்கள் வரும். சன், விஜய், ஜீ தமிழ் சீரியல் இல்லாமல் இருக்க முடியாது என்ற வீட்டுக்கு இது மட்டும் பத்தாது. இரண்டாவது டிவிக்கோ, மாதாமாதம் ரீசார்ஜ் பண்ண முடியாத வீட்டுக்கோ நல்ல ஏற்பாடு.

இந்தியா ஆடும் கிரிக்கெட் ஃப்ரீ டிஷ்ஷில் வருகிறது. கேபிளில் அதே டிடி சேனலில் வேறு நிகழ்ச்சி ஓடுகிறதே?

முக்கியமான விளையாட்டு என்று அரசு அறிவித்தவற்றை, உரிமை வாங்கிய தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்ததைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், தனியார் கேபிள், டி.டி.எச். வழியாகப் போகக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேபிள்காரர் மேல் கோபப்படாதீர்கள்.

எங்கள் ஊர்ச் செய்தி, கோயில் திருவிழா எந்த டிஷ்ஷில் வரும்?

எந்த டிஷ்ஷிலும் வராது. செயற்கைக்கோள் நாடு முழுவதற்கும் ஒரே படத்தைக் காட்டுகிறது. சென்னையில் மழை என்றால் நாள் முழுதும் சொல்வார்கள், பர்லியாறு பக்கம் மண் சரிந்து பாதை அடைத்தால் கீழே ஒரு வரி ஓடும். நம் ஊரைக் காட்டுவது கேபிள்காரர் நடத்தும் லோக்கல் சேனல்தான். தேர்த்திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, மே மாத மலர்க்காட்சி, துக்க அறிவிப்பு, நாளைக்கு எந்த ஏரியாவில் கரண்ட் இல்லை என்பது எல்லாம் அதில்தான்.

டி.டி.எச். பட்டியலில் படுக மொழிச் சேனல் ஒன்றும் இல்லை. ஹெத்தையம்மன் திருவிழாவில் எல்லாரும் வெள்ளை உடுத்திப் பேரகணிக்கு நடந்து வருவதை வீட்டோடு இருக்கும் பாட்டி பார்க்க வேண்டுமென்றால் லோக்கல் சேனலோ யூடியூபோதான் வழி. நான் டிஷ் மாட்டிப் பிழைக்கிறவன். இருந்தும் சொல்கிறேன், கேபிள் ஒழுங்காக ஓடும் ஊரில் இருந்தால் கேபிளை விட்டுவிடாதீர்கள். சந்தாதாரர் குறைந்து ஆபரேட்டர் கடையை மூடினால் ஊரைக் காட்டும் ஒரே சேனலும் போய்விடும். ஒரு தேயிலைச் சரிவைத் தாண்டி நாலு வீட்டுக்காக அரை கி.மீ. ஒயர் இழுத்து, காட்டு மாடு அறுத்தால் மறுபடி போய்க் கட்டுகிறவர்கள் அவர்கள்.

அரசு கேபிள் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 2011-இல் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி ஆரம்பித்தார்கள், 2017 முதல் டிஜிட்டல் பாக்ஸ். இப்போதைய கட்டணத்தை உங்கள் ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதக் கட்டணத்தைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. 2019 பிப்ரவரி முதல் வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, கேபிளானாலும் டிஷ்ஷானாலும். அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2024-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) எடுத்துவிட்டதால் அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேக்கில் என்ன என்ன இருக்கிறது என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கூடலூரில் மலையாளம் பேசும் வீட்டில் மலையாளச் சேனல் இல்லாத பேக்கும், யாரும் பார்க்காத இருபது சேனலும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லை ஊர்க்காரர்கள் தமிழ் பேக் எடுத்து, வேண்டிய மலையாள, கன்னடச் சேனலைத் தனியாகச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு.

நெட் இருந்தால் டிஷ்ஷே வேண்டாமா?

ஃபைபர் வந்துவிட்ட ஊரில் வேண்டாம் என்றே சொல்லலாம். புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் மாதிரியான செய்திச் சேனல்கள் யூடியூபில் இலவசமாக நேரலையாக ஓடுகின்றன. தூர்தர்ஷன் சேனல்களுக்கு பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியை விட்டது. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. சீரியல் எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் டிஷ் ரீசார்ஜே குறைவாக வரலாம்.

மொபைல் டேட்டாவில் டிவி பார்ப்பது வேறு கதை. சாதாரணத் தரத்தில் மணிக்கு அரை ஜி.பி.க்கு மேல் போகும். தினம் ஒன்றரை ஜி.பி. பிளான் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மலைவளைவுக்குப் பின்னால் டவர் தெரியாத வீடுகளில் மாலை ஏழு மணிக்கு எல்லாரும் போனை எடுக்கும்போது வட்டம்தான் சுற்றும். ஃபைபரும் மரம் விழுந்தால் அறுந்துபோகும், கரண்ட் இல்லாவிட்டால் மோடம் அணைந்துபோகும்.

நேரலை நெட்டில் அரை நிமிஷம் வரை பின்தங்கி வரும். கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்து வீட்டுக் கூச்சல் முன்னாலேயே கேட்பது இதனால்தான்.

அப்பா இலங்கையிலிருந்து வந்தவர். ரூபவாஹினி பார்க்க ஆசைப்படுகிறார்.

டேன்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டப் பக்கம் இந்த ஆசையை நிறையக் கேட்டிருக்கிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து குடியேறியவர்களுக்குக் கண்டி, நுவரெலியா என்றால் இன்னும் கண் கலங்கும். எண்பதுகளில் தென் மாவட்டங்களில் உயரமான ஆண்டெனா வைத்து ரூபவாஹினி பார்த்தார்கள். அந்த நினைவில் இன்று ஆண்டெனா வாங்க வேண்டாம். இங்கே விற்கும் டி.டி.எச். பேக்குகளிலும் தேட வேண்டாம். ரூபவாஹினியின் தமிழ்ச் சேனல் நேத்ரா, தனியார் சேனல் சக்தி இரண்டையும் நெட் வழியாகத் தேடிப் போட்டுக் கொடுங்கள். ஸ்மார்ட் டிவி இல்லையென்றால் பழைய டிவியில் செருகும் ஸ்டிக் ஒன்று போதும், டிவியில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருக்க வேண்டும்.

லைன் வீட்டில் நாலு குடும்பம். ஒரு டிஷ் போதுமா?

கிண்ணம் ஒன்று போதும். நாலு வாய் உள்ள எல்.என்.பி. மாட்டி, நாலு வீட்டுக்கும் தனித்தனி ஒயர் இழுக்கலாம். ஃப்ரீ டிஷ்ஷுக்கு இது மிக எளிது. காசு கட்டும் சேவை என்றால் வீட்டுக்கு ஒரு பாக்ஸ், ஒரு கணக்கு வேண்டும். ஒரு ஒயரை வெட்டி நாலாகப் பிரித்தால் ஒருவர் சேனல் மாற்றும்போது இன்னொருவர் படம் போகும், வீண் சண்டை.

குரங்குத் தொல்லைக்கு என்ன செய்வது?

எல்.என்.பி. கம்பியில் தொங்கி வளைத்துவிடும். கம்பியை அடியில் இன்னொரு இரும்புப் பட்டையால் தாங்கிக் கட்டுங்கள், ஒயரைத் தொங்கவிடாமல் குழாய்க்குள் விடுங்கள். குழாயில் டிஷ் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் கோடு போட்டு வைத்தால், திரும்பிவிட்டாலும் பழைய இடத்துக்கு நீங்களே கொண்டுவரலாம்.

நானே ஏறிச் சரி பண்ணலாமா?

மழைக்காலத்தில் ஏறாதீர்கள். பாசி பிடித்த தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் எப்படி வழுக்கும், எப்படி உடையும் என்று எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் ஒரு எபிசோடுக்காக அவசரப்பட்ட வீட்டுக்கு ஏறி இடுப்பை முறித்துக்கொண்டான், இன்றும் நிமிர்ந்து நடப்பதில்லை. இடி இடிக்கும்போது ஒயரைப் பாக்ஸிலிருந்து கழற்றி விடுங்கள். பிளக்கையும் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மண்சரிவு, புயல் நேரத்தில் எதை நம்புவது?

பேட்டரி ரேடியோவை. 2009 நவம்பரில் சரிவு வந்தபோது எங்கள் பக்கம் கரண்ட், கேபிள், போன் எல்லாம் ஒன்றாகப் போனது. டிஷ் கூரையில் சும்மா நின்றது. ஊட்டி வானொலியும் கோடைப் பண்பலையும் எடுக்கும் ஒரு சின்ன ரேடியோவும் நாலு செல்லும் அலமாரியில் எப்போதும் இருக்கட்டும். கழற்றி வைத்த செல்தான், உள்ளேயே போட்டு வைத்தால் கசிந்து ரேடியோ கெட்டுவிடும்.

அம்மா மட்டும் ஊரில் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில். எது சுலபம்?

ஒரே ரிமோட்டில் முடிவது எதுவோ அது. டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால், ஒரு நாள் தெரியாமல் டிவியின் சோர்ஸ் மாறிவிடும், அப்புறம் நீங்கள் வரும் வரை திரை நீலமாகவே இருக்கும். பாக்ஸ் ரிமோட்டிலேயே டிவியை அணைக்கப் பழக்கிக் கொடுக்கச் சொல்லி டிஷ்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலான ரிமோட்டில் அந்த வசதி உண்டு. டிவி ரிமோட்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். அம்மா பார்க்கும் ஐந்தாறு சேனலின் எண்ணைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ரீசார்ஜை உங்கள் போனிலிருந்து நீங்களே பண்ணுங்கள், முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே. கேபிள் என்றால் ஆபரேட்டர் நம்பரை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். படம் போனால் அவர் அன்றைக்கே நடந்து வந்து பார்ப்பார். போகிற வழியில் அம்மா எப்படி இருக்கிறார் என்றும் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்வார்.